பேசத் தெரிந்தால் போதுமா, எச்.ஆர். வேலைக்கு?

வணக்கம் அம்மா.

பி.காம். கடைசி வருஷம் படிக்கும் உங்கள் மகள் எம்.பி.ஏ.வில் எச்.ஆர். (மனிதவளம்) எடுக்கப்போகிறேன் என்கிறாள். "நல்லாப் பேசுவா சார், அவளுக்கு அதுதான் சரிப்படும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவள் அப்பாவோ, "ஆளெடுக்கிற வேலைக்கு ரெண்டு வருஷப் படிப்பு எதுக்கு?" என்கிறாராம். அவரிடமிருந்தே தொடங்குகிறேன். இந்த வேலையைப் பற்றி உங்கள் வீட்டில் அதிகம் அறிந்தவர் அவர்தான்.

லீவு வேண்டுமென்றால் யாரிடம் போவார் என்று கேட்டுப் பாருங்கள். சூப்பர்வைசரிடம். அவர் மறுத்தால் மேனேஜர், அவருக்கும் மேல் பிளான்ட் ஹெட். உற்பத்திக்குப் பதில் சொல்ல வேண்டிய இந்தச் சங்கிலிக்கு 'லைன்' என்று பெயர். எச்.ஆர். அதற்குப் பக்கத்தில் நிற்கும் 'ஸ்டாஃப்'. சட்டம் இது, கம்பெனி விதி இது என்று எடுத்துச் சொல்லலாம். இந்த ஆளை அந்த மிஷினிலிருந்து மாற்று என்று உத்தரவு போட முடியாது. லீவை மறுத்தவர் சூப்பர்வைசர், ஆனால் கோபத்தோடு ஆள் வந்து நிற்பது எச்.ஆர். மேசை முன்னால். அந்த அரை மணி நேரத்தில் வாயைவிடக் காதுக்குத்தான் வேலை. உங்கள் மகள் நன்றாகப் பேசுவாள், சரி, கேட்டுக்கொண்டு உட்காருவாளா?

இந்த ஆலோசனைத் தொழிலுக்கு வருமுன் நான் ஓர் ஆலையில் வருகையைக் கணக்கெடுக்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். முதல் வருஷம் மஸ்டர் என்ற வருகைப் பதிவேடும் ஓவர்டைம் கணக்குமாகவே போனது. பி.எஃப். 12 சதவீதம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சம்பளம் உயர்ந்து 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிய ஊழியருக்கு இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) உடனே நிற்காது, நடப்பு ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும் என்பதை, "ஏன் சார் இன்னும் பிடிக்கிறீங்க?" என்று ஒருவர் சத்தம் போட்ட பிறகுதான் நான் கற்றேன். கணக்கில் கை பழகிய பி.காம். பிள்ளைக்கு இதில் ஒரு படி முன்னிலை உண்டு.

இன்னொரு சிக்கலையும் சொல்கிறேன். ஓசூர் பிளான்டில் உட்காரும் எச்.ஆர். மேனேஜருக்குப் பல இடங்களில் இரண்டு மேலதிகாரிகள்: அன்றாட வேலைக்கு பிளான்ட் ஹெட், கொள்கைக்குத் தலைமை அலுவலக எச்.ஆர். நிறுவன வரைபடத்தில் ஒன்று நேர்க்கோடு, மற்றது புள்ளிக்கோடு. 'டாட்டட் லைன்' என்பார்கள். ஆளைக் குறை என்று ஒருவரும், பிரச்சினை வராமல் பார் என்று மற்றவரும் சொல்லும் நாளில் அந்தப் புள்ளிகளின் கனம் தெரியும். நேர்காணலுக்குப் போகும்போது 'நான் யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்?' என்று அவள் கட்டாயம் கேட்கட்டும். சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது.

ஐ.டி. கம்பெனியில் கதை வேறு. அங்கே புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் ஆள் தேடும் வேலை, மாத டார்கெட். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'ஆளெடுக்கிற வேலை' அதுதான். அதிலேயே ஐந்து வருஷம் நின்றுவிட்டால் சட்டம் பக்கம் திரும்புவது கடினம். என் கட்சி, முதல் இரண்டு வருஷம் தொழிற்சாலையில் கழியட்டும் என்பது.

படிப்புக்கு வருவோம். எம்.பி.ஏ. ஒன்றே வழி இல்லை. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை நடத்துகிறது. 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கிலும் மனிதவளப் படிப்பு உண்டு. எக்ஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுதத் துணிந்தால் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலர் என்பது சட்டம் கேட்கும் பதவி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்தால் கட்டாயம் என்றிருந்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 250 ஆகியிருக்கிறது. அதற்கான கல்வித்தகுதியை அரசு விதிகள் சொல்கின்றன. எம்.பி.ஏ. என்ற பெயரை மட்டும் நம்பாமல், இந்தப் பட்டம் அதற்குச் செல்லுமா என்று கல்லூரியில் கேளுங்கள்.

கூடவே இதையும் கேளுங்கள்: 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்களே, பாடத்திட்டம் மாறியிருக்கிறதா, இல்லை பழைய நோட்ஸ்தானா?

அப்புறம், அவள் அப்பாவிடம் ஒரு வேலை. தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் யூனியனும் நிர்வாகமும் கையெழுத்திட்ட, பழைய தொழில் தகராறுச் சட்டப் பிரிவின் பெயரால் '12(3)' எனப்படும் ஒப்பந்தத்தின் நகல் அவரிடமோ யூனியன் ஆட்களிடமோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் தாண்டியும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாளென்றால், விண்ணப்பப் படிவத்தோடு என்னை வந்து பாருங்கள்.