தொழிலாளர் வாழ்க்கையை நாடகம் எப்படிக் காட்டுகிறது?

கிழிந்த சட்டை, தீராத இருமல், குடிகார அப்பா. ஏழையைக் காட்ட இவையே போதும் என்று நினைக்கும் நாடகங்கள்தான் அதிகம். வேலையையே காட்டும் நாடகங்கள் அபூர்வம்.

டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு 1978-இல் போட்ட 'மெஷின்' அந்த வகை. செட் கிடையாது. நடிகர்கள் நெருக்கி நின்று, கையை ஆட்டி, வாயால் சத்தம் எழுப்பித் தாங்களே இயந்திரமாகிவிடுவார்கள். திடீரென்று அது நின்றுவிடும். தொழிலாளிகள் என்ன கேட்டுவிட்டார்கள்? சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க ஒரு கேன்டீன். அவ்வளவுதான்! அதற்கும் முதலாளி மசியவில்லை. ஓர் ஆலையில் நிஜமாகவே நடந்த போராட்டம் இது. 'வர்க்கம்' பற்றிப் பக்கம் பக்கமாக வசனம் பேசுவதைவிட அந்த சைக்கிள் ஸ்டாண்ட் நன்றாகவே புரியவைக்கிறது. முதலாளி பாத்திரம் கொஞ்சம் கார்ட்டூன்தான். சரி, கால் மணி நேரம்கூட ஓடாத தெருநாடகத்தில் அவருக்கு ஆழமெல்லாம் எங்கே வைப்பது?