இரண்டு இரவு கப்பல் பயணம்: விளம்பர விலையில் ஐந்து பேர் போய் வர முடியுமா?

கேள்வி: நாங்கள் மதுரைவாசிகள். சென்னையிலிருந்து இரண்டு இரவு சொகுசுக் கப்பல் பயணம், ஒருவருக்கு 18,000 ரூபாய் முதல் என்று ஒரு விளம்பரம் பார்த்தோம். நான், கணவர், 68 வயது மாமியார், 11 வயது மகள், 5 வயது மகன் என ஐந்து பேர். மாமியாருக்கு மூட்டுவலியும் பிபியும் உண்டு, சுத்த சைவம். ஒரு லட்சத்துக்குள் முடியுமா? கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா? எந்த அறை எடுப்பது?

பதில்: முதலில் பணம். ஐந்து பதினெட்டு தொண்ணூறாயிரம், கைச்செலவுக்குப் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அது நடக்காது. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் கேபினில் இரண்டு பேர் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று ஏறும், வரி வேறு. சில சமயம் எரிபொருளுக்கென்றும் ஒரு தொகை சேரும். மொத்தம் எவ்வளவு என்பது முன்பதிவின் கடைசித் திரையில்தான் தெரியும். அதனால் ஐந்து பேரின் வயதையும் கொடுத்து, பணம் கட்டும் திரை வரை போய்ப் பாருங்கள். அங்கே காட்டும் தொகையை வைத்து முடிவெடுங்கள். ஒன்றரை லட்சம் ஒதுக்க முடிந்தால் நிம்மதியாகப் போய் வரலாம். ஒரு லட்சம்தான் உச்சவரம்பு என்றால் இந்த வருடம் வேண்டாம் என்பேன்.

டிக்கெட்டை மலிவாக வைத்து ஆளை ஏற்றிக்கொண்டு, ஏறிய பிறகு சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் வழி. மதுபானம், சூதாட்டக் கூடம், ஸ்பா, புகைப்படம், தனிக் கட்டண உணவகங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாமே தனிக் காசு. குடும்பத்தோடு போகிறவர்கள் இதில் பாதியைத் தொடப்போவதில்லை, அது உங்களுக்குச் சாதகம். ஆனால் கப்பலுக்குள் ரொக்கம் புழங்காது. கேபின் சாவி அட்டையைத் தேய்த்தால் கணக்கில் ஏறும். பிள்ளைகள் கையிலும் அப்படி ஓர் அட்டை இருக்கும். ஏறியவுடன் வரவேற்பு மேஜைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். வீடியோ கேம் அறையும் ஐஸ்கிரீமும் கடைசி நாள் பில்லில் வந்து நிற்கும்போது சண்டை போட முடியாது. அந்தப் பில்லையும் இறங்கும் நாள் காலை வரிசையில் நின்று பார்க்காமல் முதல் நாள் இரவே வாங்கிச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்து, இரண்டு இரவுப் பயணம் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? பல சமயம் எந்த ஊருக்கும் போகாது. சென்னையில் கிளம்பி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, சென்னைக்கே திரும்பும். 'ஹை சீஸ்' என்று அட்டவணையில் போட்டிருந்தால் அதுதான். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் தாண்டினால்தான் நாட்டின் கடல் எல்லை முடியும். சூதாட்டக் கூடம் திறப்பதும் அதன் பிறகுதான். வழியில் ஒரு துறைமுகம் இருந்தாலும் அது உறுதி இல்லை. 2022 ஜூனில் கார்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று பயணங்களைத் தொடங்கியபோது, சூதாட்டக் கூடத்துக்கு எழுந்த எதிர்ப்பில் புதுச்சேரி அனுமதி தரவில்லை. காற்று, கடல், அரசு என எந்தக் காரணத்துக்காகவும் பாதையை மாற்றிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் விதிகளில் எழுதியிருக்கும். ஊர் பார்க்கும் ஆசையில் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மிதக்கும் ஹோட்டலில் இரண்டு ராத்திரி என்று நினைத்துப் போனால் பிடிக்கும்.

யூடியூபில் பார்க்கும் ராட்சதச் சறுக்குக் குழாய்களையும் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் விளம்பரத்தில் பார்த்தது இந்த எம்பிரஸ் என்றால், அது 1990-இல் பிரான்சில் கட்டிய கப்பல். 48,563 டன் கொள்ளளவு, 11 தளங்கள். நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கக்கூடிய ஐகான் ஆஃப் தி சீஸ் இதைப் போல ஐந்து மடங்கு பெரியது. இதில் நீச்சல் குளம் சிறியது; கூட்ட நேரத்தில் பெரியவர்கள் கால் நனைக்கக்கூட இடம் தேட வேண்டும். உங்கள் மகனுக்கு அது போதும். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, கேபினுக்கு வருவோம். ஒரு கேபினில் அதிகபட்சம் நான்கு பேர் என்பதால் உங்களுக்கு இரண்டு கேபின் கட்டாயம். நான்கு பேர் ஒன்றில், ஒருவர் தனியாக என்று பிரிக்காதீர்கள். தனியாக ஒருவர் ஒரு கேபினில் இருந்தால் ஏறத்தாழ இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். மூன்று, இரண்டு என்று பிரியுங்கள். மூன்றாவது ஆளுக்கு அடிப்படைக் கட்டணம் வழக்கமாகக் குறையும். துறைமுகக் கட்டணம் குறையாது. நீங்கள் இருவரும் மகனும் ஒரு கேபின். பாட்டியும் பேத்தியும் பக்கத்துக் கேபின். மூன்றாவது படுக்கை சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் பெர்த்தாக இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். ஐந்து வயதுப் பையன் அதில்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பான். விடாதீர்கள், உங்கள் கணவர் ஏறட்டும்.

உள் கேபின் மலிவுதான், ஆனால் வெளிச்சமே வராது. காலை எட்டு மணிக்கும் நள்ளிரவு போல இருட்டு. வயதானவர்கள் தூக்கத்தில் எழுந்தால் திசை புரியாமல் தடுமாறுவார்கள். பழைய கப்பல்களில் குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி வேறு இருக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரிய எதிரி. ஆகவே பாட்டியின் கேபினை மட்டுமாவது ஜன்னல் உள்ளதாக எடுங்கள். உங்களுடையது உள் கேபினாக இருக்கலாம். பக்கத்தில் கிடைக்காவிட்டால் எதிரெதிரே கேளுங்கள். ராத்திரி குளியலறை விளக்கை அணைக்காமல் கதவை லேசாகத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பால்கனிக்குக் காசு கொட்ட வேண்டாம், இரண்டு இரவில் அதில் உட்கார நேரமே இருக்காது.

எந்த இடத்துக் கேபின் என்பது ஜன்னலைவிட முக்கியம். அலையில் கப்பலின் மூக்கும் வாலும்தான் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். எனவே கீழ்த்தளம், நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கம் என்று கேளுங்கள். 'எந்த கேபின் என்பதை நாங்களே ஒதுக்குவோம்' என்ற மலிவு டிக்கெட்டில் இந்த உரிமை போய்விடும். அந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்பது பாதி பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிப்பதால்தான் மும்பையைத் தளமாகக் கொண்ட எம்பிரஸ் அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்தது. அப்போது வங்கக் கடலும் குளம் போலக் கிடக்காது, ஆனால் சமாளிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே புயல் காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் இருக்கும் துடுப்பு போன்ற தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. குமட்டல் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் கிளம்பும் முன்பே போட வேண்டும். உங்கள் மாமியார் பிபி மாத்திரை எடுப்பவர் என்பதால் எந்த மாத்திரை, எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள்; சில மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தரும், அதோடு ஆடும் தரையில் நடந்தால் விழுந்துவிடுவார். பையனுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். தலை சுற்றுகிறது என்றால் கேபினுக்குள் போய்ப் படுக்காமல் திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். டெர்மினலில் வரிசை நீளும், சோதனைகள் பல. சோதனைக்குக் கொடுத்த பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, ஐந்து பேரின் அசல் அடையாள அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் கையிலிருந்துதான். மெடிக்ளைம் அட்டை அங்கே செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியக் குடும்பங்கள். சைவமும் ஜெயின் உணவும் தாராளமாக உண்டு. பனீர், தால், பூரி என்று வடக்குப் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். வீட்டுப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இஸ்திரிப்பெட்டி, மின்சார கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவற்றுக்கும் அனுமதி இல்லை. பஃபேக்குப் போகும்போதெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வேகமாகப் பரவும்.

உயிர்காப்புப் பயிற்சிக்கு மணி அடித்தால் 'நமக்கெதற்கு' என்று கேபினில் உட்காராதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை மகளையும் பாட்டியையும் ஒருமுறை நடந்து பார்த்து வரச் சொல்லுங்கள்.

கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்தால் சர்வதேச ரோமிங் கணக்கில் பணம் போகும்.

கடைசியாக ரயில். போகும்போது பாண்டியனில் விடிகாலை எழும்பூர் வந்துவிடுவீர்கள், கப்பலில் ஏறவோ மதியம் ஆகிவிடும். பாட்டியை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் காத்திருக்க முடியாது. அரை நாள் அறைக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். திரும்பும்போது காலையில் கப்பல் வந்துவிடும் என்று நம்பி மதியம் கிளம்பும் வைகையில் டிக்கெட் போடாதீர்கள். துறைமுகத்தில் இடம் கிடைக்கத் தாமதமானால், இறங்கும் வரிசை நீண்டால் ரயில் போய்விடும். இரவுப் பாண்டியனுக்கே போடுங்கள், பாட்டிக்கும் பையனுக்கும் கீழ் பெர்த் கேட்டு.