எட்டாம் நாள் கணைக்கால் வலி

கேள்வி: எனக்கு 39 வயது. கடலூரில் நாள் முழுக்க நாற்காலி வேலை. அடுத்த ஆண்டு மாரத்தான் ஓட ஆசை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் தினமும் 3 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினேன். எட்டாம் நாள் கணைக்காலின் உள்ளோரம் வலிக்கவே நிறுத்திவிட்டேன். மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஏறக்குறைய, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம். அது இருக்கட்டும், முதலில் காலைப் பார்ப்போம்.

உட்கார்ந்துகொண்டு, கணைக்கால் எலும்பின் உள்ளோரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பை ஒட்டிய பகுதி நொந்திருக்கிறது, ஓய்வில் தணிந்துவிடும். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தாலோ, அந்தக் காலை மட்டும் ஊன்றிக் குதிக்க முடியாவிட்டாலோ, இரவில் படுத்த பிறகும் வலி இருந்தாலோ எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுகிற வீரம் வேண்டாம்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். இளைப்பு குறைந்து, ‘இன்னும் ஒரு சுற்று ஓடலாமே’ என்று தோன்றும் நாளில்தான் பலரும் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு நீங்கள் மணலில் ஓடியிருக்கிறீர்கள். காய்ந்த மணலில் கெண்டைக்கால் கூடுதலாய் உழைக்கும். அலையோர ஈரமணலோ கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் பள்ளத்திலேயே ஓடும். இப்போதைக்குச் சமதளமான சாலையே போதும்.

அரைமணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு, வாரம் மூன்று நாள் மட்டும் தொடங்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. இதை இரண்டு வாரம் மாற்றவே வேண்டாம். பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே போனால், இரண்டரை மூன்று மாதத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும், அதுதான் உங்கள் வேகம். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் சிலர் உங்களை முந்துவார்கள். போகட்டும்.

நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிர எளிதில் உலராது, உடலும் குளிராது. சித்திரை, வைகாசியில் விடியுமுன் ஓடினாலும் வேகம் குறையத்தான் செய்யும். கைக்கடிகாரத்தோடு சண்டை போடாதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. ஓடி முடித்ததும் உப்பிட்ட மோருக்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன், ரத்த அழுத்தம் உள்ளவர்களைத் தவிர. உங்கள் வயதுக்கு, தொடங்குமுன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. காலணியை மாலையில் வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து ஞாயிறு ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள். முடிந்தால் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வாருங்கள், காலை 7.30 மணி வரை வாகனம் கிடையாது, காந்தி சிலையைத் தாண்டித் தாண்டிச் சுற்றுகளை எண்ணலாம். ஆரோவில்லில் வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும் மாரத்தானில் 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் பிரிவுகளும் உண்டு, அதுவும் செம்மண் பாதையில். அடுத்த ஆண்டுக்கு எனக்குப் படுவது அந்த 10 கிலோமீட்டர்தான். முழு மாரத்தானை அதற்கடுத்த ஆண்டு பேசலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாள் தவறிப்போகும். விட்டதை மறுநாள் சேர்த்து ஓடாதீர்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால், இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.