திருவாதிரை மங்கியபோது

ஐயா, இரவில் நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் எப்போதோ செத்துவிட்டன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அன்றிலிருந்து வானத்தைப் பார்த்தாலே மயானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். பெரிய நட்சத்திரத்தில் எரிபொருள் அதிகம், அப்படியானால் ஆயுளும் அதிகம்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் முதல் கேள்வியை எழுதியிருக்க மாட்டீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை 1,000 ஒளியாண்டுக்குள் இருப்பவை; அதாவது நாம் காணும் ஒளி அங்கிருந்து கிளம்பி ஆயிரம் ஆண்டுகூட ஆகவில்லை. ஆயுளோ பெரும்பாலும் கோடிகளில். 100 கோடி ஆண்டு வாழும் நட்சத்திரத்துக்கு ஆயிரம் ஆண்டு என்பது, நமக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. சற்றுமுன் போனில் பேசியவருக்கு இப்போதே ஒப்பாரி வைக்கிறீர்கள்.

ஆயுள் விஷயம் நேர்மாறு. நிறை கூடக்கூட மையம் நசுங்கிச் சூடேறும், ஹைட்ரஜன் தலைதெறிக்கத் தீரும். சூரியன் 1,000 கோடி ஆண்டு தாங்கும். அதைப்போல 10 மடங்கு நிறையுள்ளது இரண்டு, மூன்று கோடியிலேயே முடிந்துவிடும். சரி, அது கிடக்கட்டும்.

உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தை ஒரு வேட்டைக்காரனாகக் கற்பனை செய்தால், அவன் தோளில் சிவப்பாக இருக்குமே, அதுதான். பிப்ரவரியில் மற்றத் தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் அளவுக்குக் குன்றிவிட்டது. வெடிக்கப் போகிறது என்று ஒரே பேச்சு. நான் இரவுதோறும் மாடியேறினேன். கையை நீட்டிக் கட்டைவிரலால் ஒன்றை மறைத்து மற்றதைப் பார்ப்பேன், அப்புறம் மாற்றி மறைப்பேன். நேற்றைவிட மங்கல் என்று தோன்றினால் உள்ளுக்குள் ஒரு குஷி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது; சாவுக்குக் காத்திருந்தேன். கடைசியில் என்ன? அது தானே கக்கிய வாயு குளிர்ந்து, தூசியாகி, முகத்தை மறைத்திருக்கிறது. வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாமாம்.

அத்தனை இரவும் என் கண் அந்தத் தோளை விட்டு இறங்கவில்லை. கீழே, இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களையும் தாண்டினால் அவனுடைய வாள். அதன் நடுப்பொட்டு மட்டும் ஈரவிரல் பட்டுக் கலைந்த மை மாதிரி இருக்கும். 1,300 ஒளியாண்டுத் தொலைவில், வாயுவும் தூசியும் தம் எடையாலேயே சுருங்கி நட்சத்திரங்களாகிக்கொண்டிருக்கும் இடம் அது. சிறிய தொலைநோக்கி இருந்தால் உள்ளே நான்கு நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்பது தெரியும். பச்சைக் குழந்தைகள்; சூரியனுக்கு 460 கோடி வயது என்றால் இவற்றுக்குச் சில லட்சம், மிஞ்சிப்போனால் பத்து, இருபது லட்சம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருவர்கூட இதைக் கேட்டு எழுதியதில்லை. எல்லோருக்கும் கருந்துளை வேண்டும், சூப்பர்நோவா வேண்டும். கண்ணெதிரே பிரசவ அறை திறந்து கிடக்கிறது, நீங்களானால் மயானம் என்கிறீர்கள்!

ஜனவரி, பிப்ரவரியில் இரவு எட்டு மணிக்கு மேல் பாருங்கள். கால் மணி நேரம் போனைத் தொடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். அந்தக் கலங்கலை நேராக முறைக்கக் கூடாது, முறைத்தால் மறையும். கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் தானாகத் துலங்கும்.