மனைப்பொருளியல் பெண்களைக் குசினிக்குள் வைக்க வந்த படிப்பா?

மகள் சாதாரண தரத்துக்கு மனைப்பொருளியல் எடுக்க ஆசைப்படுகிறாள், ஆனால் அது பெண்களைக் குசினிக்குள் வைத்திருக்கத் தொடங்கிய படிப்புத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதைத் தொடக்கியவர்களில் முக்கியமானவர் ஓர் இரசாயனவியலாளர். எலன் ரிச்சர்ட்ஸ் 1873இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டம் பெற்ற முதல் பெண். குடிதண்ணீரையும் உணவுக் கலப்படத்தையும் சோதித்தவர். 1899இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் மற்றவர்களும் கூடிப் பேசித்தான் இது தனித் துறையானது. 1900இல் அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்த்தா வான் ரென்சலர் கமக்காரப் பெண்களுக்குத் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கினார். குசினியில் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பதும் அதில் ஒரு பாடம். அந்த முயற்சி வளர்ந்து 1925இல் கல்லூரியானது. அங்கே மாணவிகள் பயிற்சி வீட்டில் தங்கி வீட்டு வேலைகளை முறை மாற்றிச் செய்தார்கள். வளர்த்துப் பழக அநாதை இல்லங்களிலிருந்து குழந்தைகளையும் கொண்டுவந்தார்கள். அது பிழை. கைக்குழந்தையை இப்படிக் கைக்குக் கை மாற்றி வளர்க்கக் கூடாது.

மற்றபடி அந்தப் படிப்பின் உயிர் அளந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. மட்டக்களப்புக்குத் தெரிந்த எருமைத் தயிரையே எடுங்கள். ஒரு லீற்றர் பாலைப் பொங்கவிட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கிண்டிக் காய்ச்ச வேண்டும். அப்போதுதான் பாலின் புரதம் இளகித் தயிர் இறுகும். பிறகு 40 - 45 பாகை செல்சியசுக்கு ஆறவிட வேண்டும். விரல் வைத்தால் இளஞ்சூடு. 2 மேசைக்கரண்டி புதுத் தயிரை உறையாக விட்டுக் கலக்கி, சட்டியில் ஊற்றி மூடி, அசைக்காமல் இரவு முழுக்க வையுங்கள். மண்சட்டி கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் கெட்டியாகும்.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். சூடு ஆறமுன் உறை விட்டால் பக்டீரியா செத்து, பால் பாலாகவே கிடக்கும். பழைய புளித்த உறை என்றால் புளிப்பு முந்தும். தோய்ந்த பின்னும் வெளியே விட்டுவைத்தால் தண்ணீர் பிரியும்.

மகள் எடுக்கட்டும். செய்முறைக் கொப்பியில் 'பால் ஆறியதும்' என்று எழுதாமல் பாகையை எழுதச் சொல்லுங்கள். ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தால் போதும்.