ஜெயில்ல இருந்து படிச்ச டிகிரிக்கு வெளிய மதிப்பு இருக்கா?

தம்பி புழல்ல இருக்கான், உள்ளயே பிஏ சேரச் சொல்லலாமா, வெளிய வந்தா அதுக்கு மதிப்பு இருக்குமான்னு கேட்டிருக்கீங்க. என் தம்பி அப்படி படிச்சவன்தான், அதனால எழுதுறேன். நாங்க வியாசர்பாடி.

2011ல ஒரு கொலை கேஸ்ல உள்ள போனான், அப்ப வயசு 21, பிளஸ் டூ முடிச்சுட்டு ஏரியா பசங்களோட சுத்திட்டு இருந்தவன். மொத ரெண்டு வருஷம் ரிமாண்ட், வாய்தா வாய்தான்னே ஓடிப்போச்சு, ஒரு புக்கக் கூட தொடல. ஆயுள் தண்டனை போட்டு தண்டனைக் கைதிங்க பக்கம் மாத்துன அப்புறம்தான் படிப்பு நெனப்பே வந்துச்சு. இத ஏன் சொல்றேன்னா, நம்ம நாட்டு ஜெயில்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேரு விசாரணைக் கைதிங்கதான். பெயில் இன்னிக்கு வருமா நாளைக்கு வருமான்னு உக்காந்துட்டு இருக்கறவன் மூணு வருஷ டிகிரிக்கு எங்க பாரம் போடுவான். உங்க தம்பி ரிமாண்டா தண்டனையான்னு நீங்க சொல்லல. ரிமாண்டுன்னா மொதல்ல பெயிலுக்கு அலைங்க.

இக்னோன்னு சென்ட்ரல் கவர்மெண்ட் ஓபன் யுனிவர்சிட்டி இருக்கு, அதுல ஜெயில்ல இருக்கறவங்களுக்கு பீஸ் இல்ல, ஆனா புக்கெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல, இல்ல இந்தியில. தமிழ்ல படிக்கணும்னா தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சைதாப்பேட்டைல இருக்கே அது. என் தம்பி அதுலதான் பிஏ பொருளாதாரம். மூணு வருஷப் படிப்ப முடிக்க அஞ்சு வருஷம் ஆச்சு.

மனு பாக்க, அதான் ஜெயில்ல அவன நேர்ல பாக்கப் போனா, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், சுத்தி இருபது குடும்பம் ஒரே நேரத்துல கத்தும். அந்த சத்தத்துல ஒரு நாள், "அக்கா, தேவை நெகிழ்ச்சின்னா இன்னாக்கா"ன்னு கத்துறான். நான் பத்தாவது பெயிலு. கையில எழுதிக்கிட்டு வந்து எங்க தெரு டியூஷன் மிஸ்ஸ கேட்டேன், அவங்க சொன்னத வீட்டுல யோசிச்சு யோசிச்சு அடுத்த மனுல போய் கத்துனேன்: "தடைக்காலம் 61 நாளும் காசிமேட்டுல வஞ்சிரம் வெல ஏறுது இல்ல, அப்ப நாம வஞ்சிரத்த விட்டுட்டு முட்ட வாங்குறோம் இல்ல, ஆனா உப்பு வெல ஏறுனா உப்பு போடாமயா இருப்போம், அதான்டா." பக்கத்துல புருஷன பாக்க வந்த ஒரு அம்மா சிரிச்சிட்டாங்க. அந்தக் கேள்வி பரிட்சைல வரல, அது வேற விஷயம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வேலைக்குன்னு பாத்தா மதிப்பு கம்மிதான், பொய் சொல்ல மாட்டேன். சர்டிபிகேட்ல ஜெயில்னு ஒரு வார்த்த கெடையாது, நானே திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஆனா இன்டர்வியூல பத்து வருஷம் எங்க இருந்தீங்கன்னு கேப்பான் இல்ல. 2022ல அண்ணா பிறந்தநாள் விடுதலைல வெளிய வந்தான், ஒரு கம்பெனில எல்லாம் ஓகேன்னு சொல்லி போலீஸ் வெரிபிகேஷன் வந்த அன்னிக்கு போன எடுக்கறத நிறுத்திட்டாங்க. இப்ப மாதவரம் பக்கம் ஒரு லாரி யார்டுல கணக்கு எழுதுறான், ஓனருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் சேத்துக்கிட்டாரு. எல்லாரும் பேரறிவாளன சொல்லுவாங்க, உள்ள இருந்தே பிசிஏ எம்சிஏ முடிச்சாருன்னு. முடிச்சாரு, ஆனா அவரு 30 வருஷத்துக்கு மேல உள்ள இருந்தாரு சார், அந்தக் கணக்க யாரும் சொல்றதில்ல.

ஆனா படிச்சது வீண்னு நான் சொல்ல வரல. நம்ம பக்கத்து பசங்க உள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், வெளிய இருக்கற அதே கேங்கு அதே பகை உள்ளயும் இருக்கும், எந்தப் பக்கம்னு கேப்பான், ஒரு பக்கம் சேந்தே ஆகணும். இவன் புக்க தூக்கிட்டு ஜெயில் உள்ள இருக்கற ஸ்கூல் ரூமு பக்கம் போய் உக்கார ஆரம்பிச்சதும் "வாத்தியாரு"ன்னு நக்கல் பண்ணி விட்டுட்டானுங்க. அந்த நக்கல்தான் அவன காப்பாத்துச்சு. அங்க கூட உக்காந்தவங்க லெட்டர் எழுதித் தர்ற பெருசு, பத்தாவது எழுதுற தாத்தா, இந்த மாதிரி ஆளுங்க. அமெரிக்கால ராண்டுன்னு ஒரு நிறுவனம் 2013ல ஆய்வு பண்ணி, உள்ள படிச்சவங்க திரும்ப ஜெயிலுக்கு வர்ற வாய்ப்பு 43 சதவீதம் கம்மின்னு சொல்லிச்சாம். எனக்கு அதுல கொஞ்சம் சந்தேகம், படிக்கணும்னு நெனைக்கறவன் ஏற்கனவே பாதி திருந்துனவன்தானே. ஆனா மீதி பாதிக்கு அந்த ஸ்கூல் ரூமு தேவைப்படுது.

 

சேர்க்கறதா இருந்தா ஒண்ணு கவனிங்க, பரிட்சை நேரத்துல வேற ஜெயிலுக்கு மாத்தல் வந்துட்டா ஹால் டிக்கெட் ஒரு ஊர்ல ஆளு ஒரு ஊர்லன்னு ஆயிடும். எங்க தெரு பையன் ஒருத்தன், வேற ஊர் ஜெயில்ல இருந்தவன், அப்படியே ஒரு வருஷம் போச்சு. மாத்தல்னு தெரிஞ்ச ஒடனே சென்டர் மாத்த எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அப்புறம் தம்பியோட பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் வீட்டுல இருக்கான்னு இன்னிக்கே தேடுங்க. எங்க வீட்டுது 2015 வெள்ளத்துல போச்சு. உங்களுதும் இல்லன்னா டூப்ளிகேட் எப்படி வாங்கறதுன்னு கமெண்ட்ல கேளுங்க, நாலு மாசம் அலஞ்சவ நான்.