டயலாக் யார் வீட்டில் குடியிருக்கிறது? பாப்அப் கோளாறுகள்: கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு முழுக்க, காட்பாடியிலிருந்து செய்யாறு வரை, மொபைல் ஆப் எழுதுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், திரையின் மேல் எழும் சின்னப் பெட்டிகளான பாப்அப், டயலாக் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். இனி கேட்பவர்கள் லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டு ஆப்பின் பிழைச் செய்திகள் வரும் இடம்) முதல் சிவப்பு வரியை அப்படியே அனுப்புங்கள். "ஆப் க்ளோஸ் ஆயிடுது" என்று மட்டும் எழுதினால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அக்கா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அலர்ட் டயலாக் காட்டுற இடத்துல ஆப் படுத்துடுது. "பேட் டோக்கன் எக்ஸெப்ஷன், டோக்கன் நல் இஸ் நாட் வேலிட், இஸ் யுவர் ஆக்டிவிட்டி ரன்னிங்?"னு வருது. காண்டெக்ஸ்ட் நல் (காலி) இல்லன்னு செக் பண்ணிட்டேன்.

பதில்: காண்டெக்ஸ்ட் (ஆப்பின் எந்தப் பகுதி சார்பாகக் கோட் ஓடுகிறது என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்வது) இருக்கிறது தம்பி, ஆனால் அது வேறு காண்டெக்ஸ்ட். டயலாக் ஒரு தனி விண்டோ. அது ஒரு ஆக்டிவிட்டியின், அதாவது ஆப்பின் ஒரு ஸ்கிரீனின், வீட்டில் வாடகைக்குத்தான் இருக்கும். டோக்கன் என்பது அந்த வாடகைச் சீட்டு. டயலாக்கைக் கட்டும் பில்டருக்கு நீங்கள் கொடுத்தது அப்ளிகேஷன் காண்டெக்ஸ்டாக இருக்கும். அதனிடம் அந்தச் சீட்டு கிடையாது. ஆக்டிவிட்டிக்குள் என்றால் "திஸ்", ஃப்ராக்மென்டில் (ஸ்கிரீனின் ஒரு பகுதி) "ரெக்வயர் காண்டெக்ஸ்ட்", பட்டியல் காட்டும் ரீசைக்ளர் வியூ அடாப்டரில் "ஐட்டம் வியூ டாட் காண்டெக்ஸ்ட்" கொடுங்கள்.

அந்த வரியை முழுசாகப் படிப்பது முக்கியம். "டோக்கன் நல்" என்பதற்குப் பதிலாக "டோக்கன் ஆண்ட்ராய்டு டாட் ஓஎஸ் டாட் பைண்டர் ப்ராக்ஸி" என்று நீளமாக வந்தால் நோயே வேறு. சீட்டு சரி, ஆனால் வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார்: சர்வர் பதில் வருவதற்குள் யூசர் பேக் அழுத்தி ஆக்டிவிட்டியை மூடிவிட்டார். அங்கே காண்டெக்ஸ்டை மாற்றிப் பயனில்லை. ரிக்வெஸ்டை "லைஃப்சைக்கிள் ஸ்கோப்"புக்குள் ஓட்டினால் ஆக்டிவிட்டி போகும்போது அதுவும் ரத்தாகும். பழைய ஜாவா கோட் என்றால் காட்டுவதற்கு முன் "இஸ் ஃபினிஷிங்", "இஸ் டெஸ்ட்ராய்ட்" இரண்டையும் பாருங்கள்.

ஆம்பூர், ஷூ யூனிட்டுக்கு ஸ்டாக் ஆப் செய்பவர்: மேடம், பார்கோடு ஸ்கேன் பண்ணி சேவ் கொடுத்தா, சர்வர் பதில் வந்ததும் "சேமிக்கப்பட்டது"ன்னு டயலாக் ஃப்ராக்மென்ட் வரணும். என் போன்ல நல்லா ஓடுது. ஃப்ளோர்ல சில பேருக்கு மட்டும் கிராஷ். "கேன் நாட் பெர்ஃபார்ம் திஸ் ஆக்‌ஷன் ஆஃப்டர் ஆன் சேவ் இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்". "கமிட் அலவிங் ஸ்டேட் லாஸ்" போட்டா நிக்குது. அப்படியே விட்டுடலாமா?

பதில்: ஸ்டாக் ஆப்பில் விடக்கூடாது. ஏன் என்று பார்ப்பதற்கு முன் கோளாறை உங்கள் போனிலேயே வரவழையுங்கள். சர்வர் பதிலுக்கு 5 நொடி டிலே வையுங்கள். சேவ் அழுத்தி, உடனே ஹோம் பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருங்கள். ஐந்தாவது நொடியில் கிராஷ் வரும். உங்கள் வைஃபை வேகமாக இருப்பதால் இவ்வளவு நாள் தெரியவில்லை; ஃப்ளோரில் சிக்னல் மெதுவாக இருக்கும், ஆட்கள் சேவ் அழுத்திவிட்டு வாட்ஸ்அப்புக்குத் தாவுவார்கள்.

ஆப் பின்னால் போகும்போது ஃப்ராக்மென்ட் மேனேஜர் தன்னிடம் இருப்பதையெல்லாம் கணக்கெழுதி மூட்டை கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு டயலாக்கைச் சேர்த்தால், ஆப்பை சிஸ்டம் கொன்று மறுபடி எழுப்பும்போது அந்தக் கணக்கில் இது இருக்காது. அதனால்தான் எக்ஸெப்ஷன் எறிகிறது. "அலவிங் ஸ்டேட் லாஸ்" போட்டால், தொலைந்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். கிராஷ் நிற்கும், ஆனால் சில சமயம் டயலாக் வராது. வராவிட்டால் அந்த ஆள் சேவ் ஆகவில்லை என்று நினைத்து அதே பெட்டியை மறுபடி ஸ்கேன் செய்வார். 24 ஜோடி 48 ஆகிவிடும். இதற்குக் கிராஷே மேல்.

சரியான வழி: சர்வர் பதில் வரும் இடத்தில் டயலாக்கைக் காட்டாதீர்கள். முடிவை வியூமாடலில் (ஸ்கிரீனின் தரவைத் தனியே வைத்திருப்பது), கடைசி மதிப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு "ஸ்டேட் ஃப்ளோ"வில் வையுங்கள். ஸ்கிரீன் பக்கத்தில் "ரிப்பீட் ஆன் லைஃப்சைக்கிள்", நிலை "ஸ்டார்ட்டட்" என்று வைத்து அதைக் கேளுங்கள். யூசர் திரும்பி வந்ததும் டயலாக் தானாக எழும். ஓகே அழுத்தியதும் அந்த மதிப்பை நல் ஆக்குங்கள். காட்டும்போது ஒரு டேக் கொடுத்து, "ஃபைண்ட் ஃப்ராக்மென்ட் பை டேக்" செய்து ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கிரீனைத் திருப்பும்போது ஒன்றின் மேல் ஒன்று இரண்டு நிற்கும். "ஷேர்டு ஃப்ளோ" இங்கே வேண்டாம். ரீப்ளே வைக்காத ஷேர்டு ஃப்ளோவில், கேட்க ஆளில்லாத நேரத்தில் வந்த செய்தி காற்றோடு போய்விடும்.

இதோடு முடியவில்லை. அடுத்து டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" ஆன் செய்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது வியூமாடலும் சேர்ந்து அழியும். ஸ்கிரீனைத் திருப்புவதைத்தான் அது தாங்கும், இதைத் தாங்காது. ஆகவே பதிவை முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் ரூம் டேட்டாபேஸில் ஒரு தனி ஐடியோடு எழுதி, அங்கிருந்து சர்வருக்கு அனுப்புங்கள். அதே ஐடி இரண்டாம் முறை வந்தால் சர்வர் சேர்க்கக்கூடாது. டயலாக் தொலைந்தாலும் சரக்குக் கணக்கு தொலையாது.

ஆரணி, பட்டுக் கடை பில்லிங் ஆப்: அக்கா, டிஸ்கவுன்ட் பெட்டி காலியா இருந்தா டயலாக் மூடக்கூடாது. எர்ரர் காட்டுது, ஆனா அடுத்த நொடியே மூடிக்குது.

பதில்: "செட் பாசிட்டிவ் பட்டன்" வழியாகக் கொடுக்கும் லிசனர் என்ன செய்தாலும் சரி, அது முடிந்ததும் அலர்ட் டயலாக் தன்னை மூடிக்கொள்ளும். அங்கே லிசனருக்கு நல் கொடுங்கள். டயலாக்கை "ஷோ" செய்த பிறகு "கெட் பட்டன்" மூலம் அந்தப் பட்டனை எடுத்து, அதற்கு நேராக "செட் ஆன் கிளிக் லிசனர்" போடுங்கள். "ஷோ"வுக்கு முன் எடுத்தால் நல் தான் கிடைக்கும். மூட வேண்டிய நேரத்தில் "டிஸ்மிஸ்" நீங்களே அழைக்க வேண்டும்.

அதே ஆரணி நண்பர்: டயலாக் ஃப்ராக்மென்ட்ல "செட் கேன்சலபிள் ஃபால்ஸ்" கொடுத்தும் பேக்ல மூடுது.

பதில்: உள்ளே இருக்கும் டயலாக் மீது கொடுத்திருப்பீர்கள். ஃப்ராக்மென்ட் மீது கொடுங்கள்.

குடியாத்தம், தறிக் கூலிக் கணக்கு ஆப், ஃப்ளட்டர் (கூகுளின் ஆப் கட்டும் கருவி): மேடம், லோடிங் டயலாக் காட்டி, வேலை முடிஞ்சதும் "நேவிகேட்டர் பாப்" பண்றேன். சில நேரம் டயலாக் நிக்குது, பின்னாடி இருக்கிற பேஜ் மூடுது. சில நேரம் முழு ஸ்கிரீனும் கருப்பு.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு.

பேஜ் மூடி டயலாக் நிற்பது: உங்கள் ஆப்பில் கீழே டேப் பார் வைத்து ஒவ்வொரு டேபுக்கும் தனி நேவிகேட்டர் (பேஜ்களை அடுக்கி வைப்பது; பாப் என்றால் மேலே உள்ளதை எடுப்பது) வைத்திருப்பீர்கள். "ஷோ டயலாக்" நீங்கள் சொல்லாவிட்டால் ரூட் நேவிகேட்டரில்தான் டயலாக்கை ஏற்றும். பேஜின் காண்டெக்ஸ்டை வைத்து பாப் செய்தால் டேபின் நேவிகேட்டர்தான் பாப் ஆகும். வேலை முடியக் காத்திருக்கும் அவெய்ட்டுக்கு முன்பே "ரூட் நேவிகேட்டர் ட்ரூ" கொடுத்து நேவிகேட்டரை ஒரு வேரியபிளில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அதையே பாப் செய்யுங்கள்.

கருப்பு ஸ்கிரீன்: யூசர் பேக் அழுத்தி டயலாக்கை முன்பே மூடிவிட்டார், உங்கள் கோட் இன்னொரு முறை பாப் செய்து கடைசி பேஜையும் எடுத்துவிட்டது. "பேரியர் டிஸ்மிஸிபிள் ஃபால்ஸ்" வெளியே தொடுவதை மட்டுமே தடுக்கும். பேக்கைத் தடுக்க டயலாக்கை "பாப் ஸ்கோப்"பில் சுற்றி "கேன் பாப் ஃபால்ஸ்" கொடுங்கள். நீங்கள் கோடிலிருந்து செய்யும் பாப்பை அது தடுக்காது. நெட் எர்ரர் வந்தாலும் மூடும்படி பாப்பை "ஃபைனலி"க்குள் வையுங்கள். அவெய்ட்டுக்குப் பிறகு காண்டெக்ஸ்டைத் தொடும் எந்த வரிக்கும் முன்னால் "காண்டெக்ஸ்ட் டாட் மவுன்டட்" பார்த்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால் லோடிங்குக்கு டயலாக்கே வேண்டாம். அழுத்திய பட்டனை முடக்கி, அதற்குள்ளேயே ஒரு சுழலும் வட்டம் காட்டினால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

ராணிப்பேட்டை, தோல் இன்ஸ்பெக்‌ஷன் ஆப்: வெப்வியூல (ஆப்புக்குள்ள வெப் பேஜ் காட்டுறது) கம்பெனி பேஜ் ஓடுது. பேஜ்ல இருக்கிற அலர்ட், கன்ஃபர்ம் எதுவும் வரல. போட்டோ அப்லோட் பட்டன் ஒரு தடவை வேலை செய்யுது. கேலரிய திறந்து வேணாம்னு பேக் வந்துட்டா, அப்புறம் எத்தனை தடவை தட்டினாலும் அசையல.

பதில்: "வெப்வியூ கிளையன்ட்" மட்டும் போட்டிருப்பீர்கள். அலர்ட், கன்ஃபர்ம் காட்டுவது "வெப் குரோம் கிளையன்ட்"டின் வேலை; அதையும் போடுங்கள். அதில் "ஆன் ஜேஎஸ் கன்ஃபர்ம்"மை நீங்களே எழுதி ட்ரூ திருப்பினால், யூசர் எந்த வழியில் வெளியேறினாலும் "கன்ஃபர்ம்" அல்லது "கேன்சல்" அழைத்தே தீர வேண்டும். அழைக்காவிட்டால் பேஜின் ஜாவாஸ்கிரிப்ட் அங்கேயே உறைந்து நிற்கும்.

போட்டோவும் இதே கதைதான். "ஆன் ஷோ ஃபைல் சூசர்" கொடுத்த கால்பேக்குக்குப் பதில் போகும்வரை வெப்வியூ அடுத்த தட்டலைக் கேட்காது. யூசர் வேண்டாம் என்று திரும்பினாலும் "ஆன் ரிசீவ் வேல்யூ"வுக்கு நல் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்த போட்டோவுக்கு மட்டும் பதில் அனுப்பி, கேன்சலை மறந்துவிடுவதுதான் வழக்கமான தப்பு.

சத்துவாச்சாரி: நோட்டிஃபிகேஷன் பர்மிஷன் கேக்குற டயலாக் என் போன்ல வரவே மாட்டேங்குது. எம்யுலேட்டர்ல வருது.

பதில்: சோதிக்கும்போது "அனுமதிக்காதே" என்று இரண்டு முறை அழுத்தியிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு மறுப்பு என்றால் இனிமேல் கேட்காதே என்று பொருள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். உங்கள் யூசர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது, எனவே மறுத்தவர்களுக்கு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் பட்டன் ஒன்று வையுங்கள். இன்னொன்று: இந்தப் பர்மிஷன் ஆண்ட்ராய்டு 13-இல்தான் வந்தது, அதற்குக் கீழே உள்ள போனில் கேட்டாலும் டயலாக் வராது.

செய்யாறு, கூட்டுறவு பால் கணக்கு ஆப்: தமிழ்ல மாத்தினதும் டயலாக் அலங்கோலமாயிடுச்சு. பட்டனெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வருது. "கீ", "ரீ" எழுத்தோட சுழி வெட்டுப்படுது.

பதில்: பட்டன்கள் அடுக்காக வருவது கோளாறு இல்லை. ஒரு வரியில் இடம் போதாவிட்டால் அலர்ட் டயலாக் தானே அப்படி அடுக்கும். "உறுதிப்படுத்துக", "ரத்து செய்க" என்பதை "சரி", "வேண்டாம்" என்று சுருக்குங்கள். பால் ஊற்ற வருபவருக்கும் அதுதான் சட்டென்று புரியும். சுழி வெட்டுப்படுவது உங்கள் லேஅவுட்டால். டெக்ஸ்ட் வியூவில் "இன்க்ளூட் ஃபான்ட் பேடிங் ஃபால்ஸ்" இருந்தால் எடுத்துவிடுங்கள், உயரத்தை 40 டிபி என்று கட்டிப்போடாமல் "ராப் கன்டென்ட்" ஆக்குங்கள். பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் எழுத்தளவைக் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். பட்டன் திரைக்கு வெளியே போனால் செய்திப் பகுதியை "நெஸ்டட் ஸ்க்ரோல் வியூ"வுக்குள் போடுங்கள், பட்டன்கள் அதற்கு வெளியே இருக்கட்டும்.

வாணியம்பாடி: ஐபோன்ல ஆக்‌ஷன் ஷீட் (தேர்வுப் பட்டியல்) நல்லா வருது, ஐபேட்ல அதே இடத்துல கிராஷ்.

பதில்: ஐபேடில் ஆக்‌ஷன் ஷீட் ஒரு பாப்ஓவர். எந்தப் பட்டனிலிருந்து கிளம்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். "பாப்ஓவர் பிரசன்டேஷன் கன்ட்ரோலர்"இல் "சோர்ஸ் வியூ", "சோர்ஸ் ரெக்ட்" கொடுங்கள். மேல் பாரில் உள்ள பட்டன் என்றால் "பார் பட்டன் ஐட்டம்" போதும். கூடவே "வியூ இஸ் நாட் இன் த விண்டோ ஹைரார்க்கி" என்று எச்சரிக்கையும் வருகிறது என்றால், "வியூ டிட் லோட்"இல் காட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் ஸ்கிரீன் இன்னும் விண்டோவில் ஏறியிருக்காது. "வியூ டிட் அப்பியர்"க்கு மாற்றுங்கள்.